மாமனார் பேரில் ஒரு முகவரி

அத்தியாயம் 12

பெங்களூர்க்காரர்களுக்குக் கரடிமேட்டுக் காப்பி பிடித்துப்போயிற்று என்று செய்தி வந்ததிலிருந்து, ஏற்காட்டு மலை நாகலூரில் வெள்ளையன் வீட்டில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. சின்ன மகன் மாதேஷ் வருஷக்கணக்காக அலைந்த அலைச்சல் அது. கரடிமேட்டைச் சுற்றியுள்ள குடியானவர்கள் அத்தனை பேருடைய காப்பிக்கொட்டையையும் சேர்த்து, வறுத்து, பொட்டலம் போட்டு, நடுவில் தரகர் என்று ஒருவர் இல்லாமல் நேராக விற்கிறான் அவன்.

அதற்குக் கடை கிடையாது. 'கரடிமேடு டாட் காம்' என்ற இணைய முகவரிதான் கடை. அந்த முகவரியின் மெயிலுக்குத்தான் இன்று சாயங்காலத்துக்குள் பெங்களூரிலிருந்து உறுதிக் கடிதம் வர வேண்டும். வந்தால் இந்த வருஷத்துக் காப்பி மொத்தமும் அவர்களுக்கு. வராவிட்டால் வழக்கம்போலத் தரகர் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

மாதேஷ் பார்சல்களைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கிவிட்டான். மூத்தவன் வெங்கடேஷ் எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டப் போய்விட்டான். வெள்ளையன் பழம் பறிக்க மேட்டுக்கு ஏறிவிட்டார். அவர் மனைவி கண்ணாயி களத்தில் காப்பிப் பழத்தைப் பரப்பிவிட்டு, மேகம் இறங்குகிறதா என்று வானத்தைப் பார்த்து வைதுகொண்டிருந்தாள்.

வெங்கடேஷின் மனைவி வெண்ணிலா மட்டும் சன்னலோரம் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். அவளுடைய ஆபீஸ் அந்த மேசைதான்.

சென்னையில் 'விலாசம்' என்று ஒரு கம்பெனி. இணையத்தில் முகவரி வேண்டும் என்று வருகிறவர்களுக்குப் பேரைப் பதிந்து கொடுப்பது அவர்கள் தொழில். வெண்ணிலா பேர் விற்கிற பக்கத்தில் இல்லை. விற்ற பேரை வைத்துக்கொண்டு எவனாவது திருட்டு வேலை பார்த்தால் புகார் வருமே, அந்தப் புகார்களைப் பார்க்கிற பக்கத்தில் இருக்கிறாள். போலி பேங்க், போலி வேலை, போலிப் பரிசு என்று தினமும் காலையில் பல் தேய்த்தவுடன் அயோக்கியர்கள் முகத்தில்தான் விழிக்கிறாள்.

"பேரு விக்கிற கம்பெனிக்குப் போலீஸ் வேல எதுக்குங் கண்ணு?" என்று கண்ணாயி ஒருமுறை கேட்டாள்.

"போலீஸ் இல்லீங்க அத்தை. வண்டிக்கு நம்பர் குடுக்கற ஆபீஸ் இருக்குதில்ல, அது மாதிரி. திருட்டு வண்டின்னா நம்பரைப் புடுங்கிக்கலாம். வண்டிக்குள்ள கை உட்டு ஒரு ஸ்குரு கூடக் கழட்ட முடியாது."

அதில்தான் வில்லங்கமே. ஒரு முகவரியில் ஏதோ மூலையில் ஒரே ஒரு பக்கம் திருட்டுப் பக்கமாக இருந்தாலும், விலாசம் கம்பெனியால் அந்தப் பக்கத்தை மட்டும் நீக்க முடியாது. பேரையே நிறுத்தலாம், அவ்வளவுதான். நிறுத்தினால் கடை, மெயில், எல்லாமே படுத்துவிடும். சில சமயம் பேருக்கு உரியவர் பாவம், ஒன்றும் அறியாதவராக இருப்பார். வேறு எவனோ உள்ளே புகுந்து வைத்துவிட்டுப் போயிருப்பான். அப்படிப்பட்டவரை என்ன செய்வது?

உலகம் முழுக்க உள்ள பேர் பதிகிற கம்பெனிகள் கூட்டம் போட்டு அடித்துக்கொள்கிற விஷயம் இது. விலாசம் கம்பெனி தன் பங்குக்கு ஒரு விதியை வகுத்து அந்தக் கூட்டத்தின் முன் வைக்கப் போகிறது. முதலில் பேருக்கு உரியவரைப் போனில் கூப்பிட வேண்டும். "என்னுதுதான், உடனே சுத்தம் பண்றேன்" என்று அவர் சொன்னால் பேர் பிழைக்கும். ஆள் கிடைக்காவிட்டாலோ, தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னாலோ, மறு பேச்சில்லாமல் நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் இரக்கம் காட்டலாமே என்று கம்பெனியில் சிலர் சொன்னபோது, "நாம இரக்கம் காட்டற ஒவ்வொரு மணி நேரமும் அங்க யாரோ ஏமாந்துட்டு இருப்பாங்க" என்று எதிர்த்து வாதாடி அந்த விதியை எழுதியவள் சாட்சாத் வெண்ணிலாதான்.

இன்றைய முதல் புகாரைத் திறந்தாள்.

ஒரு பேங்கின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து வந்திருந்தது. தங்கள் பேங்கைப் போலவே ஒரு போலிப் பக்கம் இருப்பதாகவும், பாஸ்வேர்டைப் பிடுங்குவதாகவும் எழுதியிருந்தார்கள். தர்மபுரிப் பக்கத்தில் ஒரு டீச்சர் அதில் ஏமாந்து கணக்கிலிருந்த பணம் முழுவதையும் பறிகொடுத்துவிட்டாராம். கீழே அந்த முகவரி இருந்தது.

கரடிமேடு டாட் காம்.

வெண்ணிலா ஒரு நிமிஷம் அது வேறு கரடிமேடாக இருக்கக் கூடாதா என்று பார்த்தாள். இல்லை. பக்கத்தைத் திறந்தால் மாதேஷ் எடுத்த காப்பிச் செடி போட்டோவுக்குப் பின்னால், ஏழெட்டு அடுக்கு உள்ளே தள்ளி, அந்தப் போலி பேங்க் உட்கார்ந்திருந்தது. மாதேஷுக்கு இது தெரிந்திருக்கவே வழியில்லை. எவனோ பூட்டை நெம்பி உள்ளே வந்திருக்கிறான்.

அவள் கை தானாகவே போனை எடுத்தது. மாதேஷுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். சேலத்து பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே அந்தப் பக்கத்தை அழித்துவிடுவான். புகாரை வரிசையில் கடைசிக்குத் தள்ளிவைத்தால், அதை வேறு யாராவது திறக்கும்போது அங்கே ஒன்றும் இருக்காது. பெங்களூர் மெயில் வந்துவிடும். குடும்பத்துக்குக் குடும்பமும் பிழைக்கும், வேலையும் பிழைக்கும். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

புகாரில் சிக்குகிற எத்தனை பேருக்கு இப்படி முன்கூட்டியே சொல்ல வீட்டில் ஒரு மருமகள் இருக்கிறாள் என்று நினைத்தபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. தன்மேலேயே கோபம் வந்தது. மாதேஷ் நம்பரை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போட்டாள்.

"காயத்ரி மேடம், புதுசா வந்த பேங்க் புகாரை நான் பார்க்கக் கூடாது. அது எங்க வீட்டுப் பேர்."

காயத்ரி அந்தப் பிரிவுக்குத் தலைவி. உலகக் கூட்டத்துக்குப் போகப் போகிறவளும் அவள்தான். ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"சரி, சரவணன்கிட்ட மாத்தறேன். ரெக்கார்டுல ஓனர் வெள்ளையன்னு இருக்கு. யாரு அவர்?"

"எங்க மாமனார்."

"அவர்தான் நடத்தறாரா?"

"இல்ல மேடம். கொழுந்தன் நடத்தறான். எங்க வீட்டுல எது வாங்கினாலும் மாமனார் பேர்லதான் வாங்குவாங்க. மோட்டார், கரண்ட் சர்வீஸ், சிம் கார்டு எல்லாமே. அந்தப் பழக்கத்துல இதையும் அவர் பேர்ல, அவர் நம்பர்ல போட்டுட்டான். அவருக்கே தெரியாது."

"சரவணன் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவான். வேற யாருக்கும் விஷயத்தைச் சொல்லக் கூடாது. உங்க கொழுந்தனுக்கும்தான்."

"அவரு மேட்டுல இருப்பாரு மேடம். அங்க சிக்னல் கிடைக்காது. நான் போய்ப் போனை எடுக்கச் சொல்லலாமா?"

காயத்ரி கொஞ்சம் யோசித்தாள். "எடுக்கச் சொல்றதுல தப்பில்ல. என்ன பேசணும்னு சொல்லிக் குடுத்தா தப்பு."

வெண்ணிலா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். "மழ வர்றதுக்குள்ள எங்க கண்ணு?" என்று களத்திலிருந்து கண்ணாயி கேட்டதற்கு, "மாமாவைப் பார்த்துட்டு வாரனுங்க" என்று நிற்காமல் சொல்லிவிட்டு ஏறினாள்.

வெள்ளையன் சில்வர் ஓக் மரத்தடியில் கூடையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, பச்சைப் பழத்தைப் பறித்துவிட்டதற்காகக் கூலியாள் ஒருத்தியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மருமகள் மூச்சு வாங்க வந்து நிற்பதைப் பார்த்ததும் பயந்துவிட்டார்.

"என்ன சாமி? பெரியவனுக்கு ஏதாச்சுமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மாமா. உங்களுக்கு ஒரு போன் வருது. இங்க டவர் இல்ல. பாறைக்கிட்ட வந்து எடுத்துப் பேசுங்க."

"ஆருது?"

'எங்க ஆபீஸ்லருந்து' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நேர்மையாக இருக்க வேண்டும் என்று ஒருதரம் முடிவு செய்துவிட்டால் சிலருக்கு அளவு தெரியாமல் போய்விடும். வெண்ணிலா அந்த ரகம்.

"வந்ததும் தெரியுமுங்க. எடுங்க, போதும்."

டவர் கிடைக்கிற பாறைக்கு வந்து நின்றார்கள். போன் வந்தது. வெள்ளையனுக்குக் கொஞ்சம் காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். சரவணன் பேசியது பக்கத்தில் நின்ற வெண்ணிலாவுக்கு நன்றாகவே கேட்டது.

"சார், வெள்ளையன் சாருங்களா? உங்க பேர்ல கரடிமேடு டாட் காம்னு ஒரு முகவரி பதிவாயிருக்கு. அதுல ஒரு பேங்க் சம்பந்தமா—"

பேங்க் என்ற சொல் காதில் விழுந்ததும் வெள்ளையன் முகம் மாறிவிட்டது. "எனக்கு அப்படி எதுவும் இல்லீங்க."

"உங்க பேர்லதான் இருக்குங்க சார்."

"எம்பேர்ல நெலம் இருக்குது, ரேஷன் கார்டு இருக்குது. நீ சொல்றது எதும் எனக்கில்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். இந்தக் கால் ரெக்கார்டு ஆகுது. உங்களுக்கும் அந்த முகவரிக்கும் சம்பந்தமே இல்லைங்கறீங்களா?"

"இல்லீங்கறனே! போனை வையி!" என்று வெட்டிவிட்டார்.

பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். பரீட்சையில் தேறிய பிள்ளையைப் போல அவர் முகம் மலர்ந்திருந்தது.

"எப்படிச் சாமி? நம்மூரு கருப்பண்ணன் பேங்க் கணக்க எவனோ போன் பண்ணி வழிச்சுட்டுப் போனப்ப நீ ஊரைக் கூட்டிச் சொன்னீல்ல, ஆரு போன் பண்ணி உங்க பேர்ல அது இருக்குது இது இருக்குதுன்னாலும் இல்லீன்னு சொல்லி வெச்சுருங்கன்னு. அச்சு பெசகாமச் சொல்லிட்டேன் பாத்தியா?"

வெண்ணிலாவுக்கு அழுகை வரும்போல இருந்தது. அவள் சொன்னதுதான். மகளிர் குழுக் கட்டடத்தில் மைக் வைத்துச் சொன்னாள். நாகலூரில் அதைக் காதில் வாங்கி, மனசில் நிறுத்தி, வார்த்தை தவறாமல் நடந்துகொண்ட ஒரே ஆள் அவளுடைய மாமனார்.

அவரை மறுபடி அந்த நம்பருக்குப் பேச வைக்கலாமா? பேச வைத்தால் "ஆமான்னு சொல்லுங்க மாமா" என்று சொல்லிக் கொடுத்தாக வேண்டும். அவள் காயத்ரியைக் கூப்பிட்டாள்.

"மேடம், அவர் பயந்துட்டு இல்லேன்னுட்டார். மோசடிப் போன்னு நினைச்சுட்டார்."

"ரெக்கார்டிங் கேட்டேன். வெண்ணிலா, இதே வார்த்தையை வேற ஒரு கஸ்டமரோட மருமக நமக்குப் போன் பண்ணிச் சொன்னா நாம என்ன பண்ணுவோம்?"

பாறைக்குக் கீழே மேகம் ஏறி வந்துகொண்டிருந்தது. வெள்ளையன் கூடையை எடுக்கப் போகாமல் மருமகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிறுத்தி வெப்போம். அப்புறம் ஓனரை அடையாள அட்டையோட வீடியோல வரச் சொல்வோம்."

"இப்ப?"

இந்த ஒரு சொல்லுக்குத்தான் அவள் பயந்தாள். பெங்களூர் மெயில், மாதேஷின் முகம், கணவன் வெங்கடேஷ் என்ன சொல்வானோ என்ற கவலை, எல்லாம் ஒன்றாக முன்னால் வந்து நின்றது. அந்த டீச்சருக்கு அடுத்ததாக யார் இந்த நிமிஷம் பாஸ்வேர்டைத் தட்டிக்கொண்டிருக்கிறார்களோ என்றும் தோன்றியது.

"நிறுத்துங்க மேடம். சாயங்காலம் மாமாவை வீடியோல கூட்டிட்டு வர்றேன்."

போனை வைத்தபின் மாமனாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பேருக்கு உரியவர் அவர்தானே, அவரிடம் சொல்ல ஒரு தடையும் இல்லை. வெள்ளையன் முழுவதையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "எம்பேர்லயா? எங்கிட்டக் கேக்காமயா?" என்று மட்டும் சொல்லிவிட்டு மேட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

மத்தியானம் மாதேஷிடமிருந்து போன் வந்தது.

"அண்ணி, நம்ம சைட்டு தொறக்கவே மாட்டேங்குது. மெயிலும் போகல. நெட்டு ஏதும் பிரச்சனைங்களா?"

"நெட்டு இல்ல மாதேஷ். பேரை நிறுத்தியாச்சு." நிறுத்தியான பிறகு மறைக்க ஒன்றுமில்லை. பூட்டை நெம்பி எவனோ உள்ளே வந்ததை, டீச்சர் ஏமாந்ததை, அப்பாவிடம் கேட்டு அவர் இல்லை என்று சொன்னதை, எதையும் விடாமல் சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டு இரைச்சல் குறைந்தது. அவன் ஓரமாக ஒதுங்கி வந்திருந்தான்.

"உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க?"

"காத்தால."

"காத்தாலயே தெரிஞ்சுதா? அப்ப நான் அடிவாரத்துலதான் இருந்தேன். போன் கையிலதான் இருந்துச்சு. ஒரு மிஸ்டு கால் குடுத்திருந்தா போதும்ங்களே அண்ணி."

அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

பெங்களூர்க்காரர்கள் அனுப்பிய மெயில் வந்து சேராமல் அவர்களுக்கே திரும்பிப் போயிருந்தது. மாதேஷ் அவர்களைப் போனில் பிடித்து, சர்வரில் சின்னக் கோளாறு என்று ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளித்தான். ஆபீஸ் மூடுவதற்கு முன் இன்னொரு தடவை அனுப்புகிறோம், அதுவும் திரும்பினால் கிளியூர்ப் பக்கம் பார்த்து வைத்திருக்கிற எஸ்டேட்டோடு பேசிக்கொள்கிறோம் என்று அவர்கள் நாசூக்காகச் சொல்லிவிட்டார்கள்.

பொழுது சாயும்போது மாதேஷ் வீட்டுக்குள் நுழைந்தான். பேர் நின்றிருந்தாலும், பஸ்ஸில் வரும்போதே சைட் இருக்கிற சர்வருக்குள் நேராக நுழைந்து அந்தத் திருட்டுப் பக்கத்தைத் தேடிப் பிடித்து அழித்துவிட்டான். எவன் வைத்தது என்று தெரியவில்லை. எப்படி வந்தது என்பது மட்டும் தெரிந்தது. சைட்டின் சாப்ட்வேரைப் புதுப்பிக்கச் சொல்லி மாதக்கணக்காக எச்சரிக்கை வந்துகொண்டிருந்திருக்கிறது. சீசன் வேலையில் அதை யார் பார்ப்பது என்று இவன் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறான்.

வெங்கடேஷும் ஜீப்பை விட்டுவிட்டு வந்திருந்தான். விஷயம் முழுவதும் அவன் காதுக்கு எட்டியிருந்தது.

"ஏம்புள்ள, சொந்த ஊட்டுக்கே இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்டான். அவன் குரலில் கோபத்தைவிடத் தர்மசங்கடம்தான் அதிகம்.

"ஏனுங்க, அடுத்த ஊட்டுக்கு மட்டும் பண்ணலாமுங்களா?"

வெங்கடேஷ் தம்பியைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், அப்புறம் டீயை எடுத்துக்கொண்டான். பாவம், அவனுக்கு வேறு வழியில்லை.

வெள்ளையன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஆதார் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு லேப்டாப்புக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். மாதேஷ் அவர் காதோரமாகக் குனிந்தான்.

"அப்பா, அவங்க என்ன கேட்டாலும் ஆமான்னு மட்டும் சொல்லுங்க. பேசிட்டே போவாதீங்க."

"காத்தால இல்லீன்னேன். இப்ப ஆமாங்கணுமா? ரெண்டுல எதுடா நெசம்?"

"அப்பா, நேரமில்லீங்கப்பா!"

காயத்ரி திரையில் வந்தாள். கும்பிட்டாள். கார்டைக் காட்டச் சொல்லி முகத்தையும் கார்டையும் ஒத்துப் பார்த்தாள். பிறகு காலையில் சரவணன் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள். கரடிமேடு டாட் காம் உங்களுடையதா?

"அம்மிணி, காத்தால உங்காளு கேட்டப்ப எனக்குத் தெரியாது, அதனால இல்லீன்னேன். இப்பத் தெரியும். எம்பேர்லதான் இருக்குதுங்க. எங்க ஊட்டுல மாடு வாங்குனாலும் எம்பேரு, மோட்டாரு வாங்குனாலும் எம்பேரு. ஆனா இதை நான் நடத்தலீங்க. நடத்தறது சின்னவன். பொய் சொல்லப்படாதில்லீங்களா?"

மாதேஷ் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"உண்மையைச் சொன்னதுக்கு நன்றிங்க ஐயா," என்றாள் காயத்ரி. "திருட்டுப் பக்கம் போயாச்சுன்னு நாங்களும் பார்த்துட்டோம். ஆனா பேர் ஒருத்தர்கிட்ட, பொறுப்பு இன்னொருத்தர்கிட்டன்னு இருந்தா திறக்க முடியாது. நாளைக்கு இதே மாதிரி ஒண்ணு நடந்தா யாரைக் கூப்பிடறது? பொறுப்பா பார்த்துக்கறவர் பேருக்கு நீங்களே மாத்திக் குடுத்துட்டா உடனே திறந்துடறேன். யார் பேருக்கு மாத்தணும்?"

அந்த வீட்டில் இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. வெள்ளையனுடைய நிலம் இன்னும் பாகம் பிரியவில்லை. எது யாருக்கு என்று அவரும் சொன்னதில்லை, கேட்கிற தைரியம் பிள்ளைகளுக்கும் வந்ததில்லை. ஆனால் இந்த விஷயத்தில் யோசிக்க என்ன இருக்கிறது? மாதேஷ் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டையைச் சரி செய்துகொண்டான். "சின்னவன் பேரைச் சொல்லுங்கப்பா" என்று வெங்கடேஷே எடுத்துக் கொடுத்தான்.

வெள்ளையன் திரையைப் பார்த்தே சொன்னார்.

"எங்க மருமக பேர்ல எழுதிக்கங்க அம்மிணி. வெண்ணிலா."

சுவர் ஓரமாக நின்றிருந்த வெண்ணிலா பதறிப்போனாள். "மாமா, எனக்கெதுக்குங்க? மாதேஷ் பாடுபட்டு வளர்த்ததுங்க மாமா!"

"பாடுபட்டான். இல்லீங்கல." வெள்ளையன் மகன் பக்கம் திரும்பினார். "நாயா அலைஞ்சே, பாத்துட்டுத்தான் இருந்தேன். ஆனா கதவத் தொறந்து போட்டுட்டு அலைஞ்சிருக்கறே. எவனோ எம்பேரச் சொல்லி ஒரு டீச்சரம்மாவ ஏமாத்திட்டுப் போயிட்டான். இவ பாறைகிட்ட நின்னு நிறுத்துங்கன்னு சொன்னா. நம்ம ஊட்டுதுன்னு அவளுக்குத் தெரியும், பெங்களூர்க் காயிதம் வருதுன்னும் தெரியும். அப்பவும் சொன்னா. அவ கையில இருக்கட்டும்."

நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மாதேஷ் பின்னால் சாய்ந்துகொண்டான்.

"வெண்ணிலா," என்றாள் காயத்ரி. இப்போது அவள் மேலதிகாரியாகப் பேசினாள். "உங்க பேர்ல ஒரு முகவரி, அதுவும் புகார் வந்த முகவரி இருந்தா, நீங்க இந்தப் பிரிவுல தொடரலாமான்னு நான் மேல கேட்டாகணும். என்ன சொல்வாங்கன்னு எனக்கே தெரியாது. யோசிச்சு நாளைக்குச் சொன்னாலும் சரி."

நாளை சொன்னால் பேர் நாளைதான் திறக்கும். பெங்களூர்க்காரர்கள் இதோ ஆபீஸை மூடப் போகிறார்கள். மாமனார் காத்திருந்தார். கண்ணாயி களத்து வேலையைப் போட்டுவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள். மேட்டைச் சுற்றியுள்ள எத்தனை வீட்டுக் காப்பி இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது வெண்ணிலாவுக்குத் தெரியும். அந்த வேலை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதும் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"சம்மதம் மேடம். எழுதுங்க."

காயத்ரி கேட்ட விவரங்களை வெண்ணிலா சொன்னாள். தன் போனுக்கு வந்த சரிபார்ப்பு எண்ணைத் திருப்பிச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் கரடிமேடு டாட் காம் மறுபடி திறந்தது. காப்பிச் செடி போட்டோ வந்தது. காயத்ரி விடைபெற்றுக்கொண்டு போனாள்.

மாதேஷின் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தான். படித்தான். அவன் முகத்தில் ஒரு நொடி வந்த சந்தோஷத்தை வெண்ணிலா பார்த்தாள். அது வந்த வேகத்திலேயே போனதையும் பார்த்தாள்.

"வந்துருச்சாடா?" என்றான் வெங்கடேஷ்.

மாதேஷ் எழுந்து வந்தான். போனை வெண்ணிலாவுக்கு முன்னால் மேசைமேல் வைத்தான்.

"உங்களுக்கு மெயில் வந்துருக்குதுங்க அண்ணி," என்றான். "எல்லாக் காப்பியும் எடுத்துக்கறாங்களாம்."

அவள் அவன் கையைப் பிடிக்கப் போனாள். அவன் விலகிப் படி இறங்கிவிட்டான். பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. "டேய், சோறு திங்காம எங்கடா?" என்று கண்ணாயி வாசலிலிருந்து கூப்பிட்டாள். வண்டி ஏற்காட்டு ரோட்டில் திரும்பிப் போய்விட்டது. அவன் போன் மேசைமேலேயே கிடந்தது. அன்றைக்கு ராத்திரி மாதேஷ் வீட்டுக்கு வரவில்லை.